காத்துச் சட்டை

பாய், தலையணை, போர்வை மூன்றையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட சாலம்மாள், கட்டிலில் மிச்சமிருந்த கறுப்புச் சட்டையையும் அதன் குழாயைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் விரல் எதிலோ அழுந்தியது. சட்டை 'புஸ்' என்றது.

"அக்கா, உடுங்க! அத அமுக்காதீங்க!"

ரஞ்சனி வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்துத் தண்ணீரில் வழுக்கி, கதவைப் பிடித்துச் சமாளித்து, சாலம்மாளின் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, நான் என்ன பண்ணிப்போட்டேன்? அம்மா படுத்த கட்டில்ல இருந்ததெல்லாம் ஆத்துக்குப் போவோணுமல்லோ. கொண்டுபோறதுக்குக் காளியண்ணன் வாசல்ல நிக்கறாரு."

"இது போவாதுங்க்கா. பாயையும் தலையாணியையும் மட்டும் குடுத்து உடுங்க."

சாலம்மாள் பதினெட்டு வருஷமாக இந்த வீட்டுத் தறிக்கூடத்தில் துண்டுக்கு ஓரம் அடிப்பவள். அழுது வீங்கிய கண்ணோடு சட்டையை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். இதை ஆற்றில் போட்டிருந்தாலும் முழுகியிருக்காது. குமாரபாளையத்தில் போட்டால் ஈரோடு வரைக்கும் மிதந்துகொண்டே போயிருக்கும்.

ரஞ்சனி கட்டிலில் உட்கார்ந்து சட்டையை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. எவ்வளவு போயிருக்கும்? அரை மூச்சு இருக்கலாம். அந்த அரை மூச்சுக்காகச் சாலம்மாளின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அம்மா சாரதாமணிக்கு ஐம்பத்தேழு வயது. அப்பா போன பிறகு பன்னிரண்டு தறிகளையும் சளைக்காமல் ஓட்டியவள். கூடத்திலிருந்து எந்தக் கட்டு வெளியே போனாலும் நாலு துண்டை உருவி, நூல் எண்ணும் லென்ஸை வைத்துப் பார்த்து, 'பாஸ்' என்று சீட்டெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினால்தான் வண்டி ஏறும். போன வருஷம் பாண்டிச்சேரியில் ஆழ்கடல் டைவிங் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றுக்குத் துண்டு கொடுக்கப் போனாள். துண்டைக் கொடுத்துவிட்டு வருகிற ஆளா அவள்? டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மறு மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள். காவலுக்குப் போன ரஞ்சனியும் கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. முதல் நாள் நீச்சல் குளத்தில் மகள் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அம்மா அடியில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டிருந்தாள்.

பாஸாகி வந்ததும் சொந்தமாகப் பிசிடி வாங்க வேண்டும் என்றாள். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொள்ளும் சட்டை அது. காற்று நிரப்பினால் ஆளை மேலே தூக்கும், விட்டால் கீழே இறக்கும். அந்தப் பெயர் வாயில் நுழையாததால் காத்துச் சட்டை என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். அண்ணன் சரவணக்குமார், வாடகைக்குக் கிடைப்பதை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டான்.

"அடுத்தவன் ஊதின சட்டையில நான் எதுக்கு ஊதோணும்?" என்றாள் அம்மா.

சொல்லிக்கொடுக்கும் ஈஸ்வர் இரண்டு வகையைக் காட்டினார். ஒன்றில் காற்றுப் பை முதுகில் மட்டும் இருக்கும். தண்ணீருக்குள் மீனைப் போல நேராகப் போகலாம், ஆனால் மேலே வந்து மிதக்கும்போது முகத்தை முன்னால் தள்ளும். இன்னொன்றில் விலாவைச் சுற்றிலும் காற்று, தலை நிமிர்ந்து நிற்கும்.

"மேல வந்தா நாலு பேரு மூஞ்சியப் பாத்துப் பேசோணுங்க. தண்ணியில மூஞ்சியக் குத்திக்கிட்டு நிக்கறதுக்கா நான் இத்தனை தூரம் வாரேன்?"

அத்தோடு விடவில்லை. லென்ஸை எடுத்து நைலானில் வைத்து நூல் எண்ணினாள். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். இடுப்பில் வெறும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டி மட்டும் இருந்ததை, நாலு முழுக்கில் பிடிப்பு விட்டுப் போகும் என்று ஒதுக்கினாள். ஈஸ்வர் அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் லென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கும்பிட்டார்.

பார்சல் நேற்று வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, கன்னம் உப்ப உப்ப ஊதினாள். லீவில் வந்திருந்த ரஞ்சனி கை நீட்டினாள்.

"நீ ஊதாத கண்ணு. அப்பறம் யாரு மூச்சு லீக்காச்சுன்னு சண்டை வரும்."

ஊதி முடித்து, காலண்டரில் பென்சிலால் எழுதினாள்: 'மாலை 5.10. நாளை 5.10க்குப் பார்க்க.' ஒரு நாள் முழுக்க இறங்காமல் இருந்தால்தான் சட்டை நல்ல சட்டை. சுவரோரம் அதைப் படுக்க வைத்து, அதன் பக்கத்திலேயே படுத்தாள். விடியற்காலையில் ரஞ்சனி எழுப்பப் போனபோது சட்டை அப்படியே இருந்தது, அம்மாதான் எழுந்திருக்கவில்லை.

நாலரை மணிக்கு ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகச் சரவணக்குமார் அறைக்குள் வந்தான்.

"இது இன்னும் இங்கதான் இருக்குதா?" சட்டையின் கழுத்தில் தொங்கிய சீட்டைப் பிரித்துப் பார்த்தான். "பத்து நாளைக்குள்ள திருப்பி அனுப்பலாம்னு போட்டிருக்குது. அனுப்பிரலாம் அம்மிணி. என்னால இதப் பாக்க முடியல."

அவன் சீட்டை இன்னொரு முறை பார்த்தான்.

"எல் சைஸ் போட்டிருக்குது. அம்மாவுக்கு எம் தானே?"

"எம் தான். ஈஸ்வர் அளவெடுத்து எம்முன்னுதான் சொன்னாரு. அம்மாதான் ஒரு சைஸ் சேத்தி ஆர்டர் போட்டுது. என்கிட்டக் கூடச் சொல்லல."

"எதுக்கு?"

"தண்ணியில நனையற துணியல்லோ அண்ணா."

தறிக்காரனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நனைந்தால் துணி சுருங்கும், சுருக்கத்துக்கு விட்டுத்தான் நெய்ய வேண்டும். முப்பது வருஷமாக அம்மா எல்லோருக்கும் பாடமாகச் சொன்னது.

"நைலான் எங்க சுருங்குது!" என்று சரவணக்குமார் சிரித்தான். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அது பாதியில் திரும்பி அழுகையானது. அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். ரஞ்சனி அவன் முதுகில் கை வைத்தாள். அவளுக்கும் வந்தது, அடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முகத்தைத் துடைத்தான். "சரி, கட்டி வெச்சரலாம். இந்தக் காத்த எப்படி எடுக்கறது?" என்று குழாயைப் பிடித்தான்.

ரஞ்சனி அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"அது அம்மா ஊதினதுண்ணா."

அவன் கை அப்படியே நின்றது. குழாயைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், பிறகு காலண்டரைப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

வெளியே சாலம்மாள் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. தறிக்கூடம் இன்று ஓடவில்லை. இருவரும் சட்டையை நடுவில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பத்துக்குச் சரவணக்குமார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். தோள், முதுகு, விலா என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தான். எங்கேயும் குழி விழவில்லை.

"மத்தியானம் கொஞ்சம் போயிருச்சுண்ணா. சாலம்மாக்கா தெரியாம அமுக்கிட்டாங்க."

"அது லீக்குல சேராது," என்றான் அவன்.

ரஞ்சனி எழுந்து சட்டைக்குள் கைகளை நுழைத்தாள். அம்மாவை விட அவள் ஒரு சுற்றுப் பெரிய உடம்பு. இடுப்புப் பட்டையை இழுத்துக் கொக்கி போட்டாள். உள்ளே இருந்த காற்று இரண்டு பக்கமும் விலாவை அழுத்திப் பிடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அண்ணன் அவசரப்படுத்தவில்லை.

"திருப்பி அனுப்ப வேண்டாம்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "அடுத்த மாசம் காரியமெல்லாம் முடிஞ்சு நான் பாண்டிச்சேரி போறேன்."

"போ. ஆனா இந்தக் காத்த எப்பத்தான் உடுவே?"

"கடல்ல. கீழ எறங்கோணும்னா உட்டுத்தான் ஆவோணும்."

"அது வரைக்கும்? பஸ்ஸுல இந்தக் குண்டுச் சட்டைய மடியில வெச்சுட்டா போவே?"

"அடுத்த மாசத்துக்கு அம்மா அப்பவே பஸ்ஸுல ரெண்டு சீட்டு போட்டிருக்குதல்லோ. அம்மா சீட்டுல உக்காந்துட்டு வருது."

சரவணக்குமார் பின்கட்டு வழியாகத் தறிக்கூடத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீட்டும் துண்டு நூலும் இருந்தன. காலண்டரில் தொங்கிய பென்சிலை எடுத்து, சீட்டைச் சுவரில் வைத்து 'பாஸ்' என்று எழுதினான். தங்கையின் தோளருகே இருந்த வளையத்தில் நூலைக் கோத்து, அம்மா போடுவதைப் போலவே இரட்டை முடிச்சுப் போட்டான். கையெழுத்துக்கான கோட்டின் மேல் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.