சாண்டர் துரையின் கக்கத்துத் துண்டு

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்து வருசம் ஆகப் போகிறது. கூம்புமலைத் தேயிலைத் தோட்டத்து ஆம்பிளைகளின் கக்கத்துக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. நானுஓயா வரைக்கும் ரயிலில் வந்துவிட்டு, லிந்துலைப் பஸ் கிடைக்காமல் அங்கேயே நிற்கிறது என்பான் வீரய்யா.

துரை எதிரே வந்தால் தலையில் கட்டிய துண்டானாலும் தோளில் கிடக்கும் துண்டானாலும் கக்கத்துக்குள் போய்விட வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்ட வேண்டும். முதுகை வளைக்கச் சொல்லி யாரும் சொல்லத் தேவையில்லை. கக்கத்தில் ஒன்றை இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது மனுசனால் ஆகிற காரியமா? வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அது வழக்கமாகத்தான் இருந்தது. அவர்கள் கப்பலேறிய பிறகு வந்த சாண்டர் துரைதான் அதைச் சட்டமாக்கினார்.

சாண்டர் துரைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பாலச்சந்திரன். சீமைக்குப் போய்த் திரும்புகிற வழியில் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் கடலில் விழுந்துவிட்டது. சொந்த ஊர் கொழும்பு என்பார். அவர் பேசுகிற தமிழ் அசல் வெள்ளைக்காரத் தமிழ். "நான் சொன்னான், நீ செய்ய மாட்டான்?" என்பார். பெற்ற தாயின் பாஷையை இத்தனை சுத்தமாகத் தப்பாய்ப் பேச எவ்வளவு பாடுபட்டாரோ, பாவம்.

அந்தத் திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், துரை வீரய்யாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஏய் மேன், உன் துண்டு எங்கே இருக்குறான்?"

"தோள்லதாங்க இருக்குது, தொரே."

"அவன் கக்கத்துலே போவான்."

"போக மாட்டாங்க. அவன் தோள்லயே பழகிட்டாங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். துரையின் காது சிவந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவன் என்பதால் வீரய்யாவுக்குத் திமிர் ஏறிவிட்டது என்றார். அந்த நிமிசமே அவனுக்கு வேலை கிடையாது. சனிக்கிழமை பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் விசாரணை. துண்டைக் கக்கத்தில் இடுக்கி மன்னிப்புக் கேட்டால் வேலை, இல்லாவிட்டால் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டும் போகாது, லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் காம்பிராவும் போய்விடும். சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"கக்கத்துல வச்சா தேஞ்சா போயிருவீங்க?" என்றாள் அவன் பெண்சாதி நாகலெட்சுமி. அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "நட்ட கெழங்கு இன்னும் வெட்டல. இந்த மழையில எங்கிட்டுப் போறது?"

வீரய்யா துண்டை எடுத்துச் சுவரோரம் போட்டான்.

"எங்கப்பன் செத்தன்னைக்கு நீ இருந்தியே, புள்ள. குளிப்பாட்டையில கைய நீட்ட முடிஞ்சிச்சா? நாலு பேரு இழுத்தும் மொழங்க வெலாவ விட்டு வரல. பொணமாப் போயும் தொரைக்குத் துண்டு இடுக்கிக்கிட்டே போனாரு."

நாகலெட்சுமி எழுந்து போய் அந்தத் துண்டை எடுத்து, சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்து, அடுப்புக்கு மேலே கொடியில் விரித்துப் போட்டாள். "சனிக்கெழமைக்குள்ள காஞ்சிரும்" என்றாள்.

வேலை இல்லாதவனுக்கு மண்வெட்டிதான் கதி. துரை பங்களாவின் வேலிக்குக் கீழேதான் வீரய்யாவின் மரக்கறிப் பாத்தி. புதன்கிழமை அவன் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது, பங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்த பழனியாண்டி கங்காணி வேலியோரத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"அடே வீரய்யா, இங்க வா. என் கண்ணு அவிஞ்சு போச்சான்னு பாத்துச் சொல்லு."

புல்வெளியில் சாண்டர் துரை நின்றுகொண்டிருந்தார். எதிரே நரைமீசை வெள்ளைக்காரர் ஒருவர். துரையின் தலை குனிந்திருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது. வலது கக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. வெள்ளைக்காரர் கைத்தடியால் துரையின் முழங்கையைக் குத்தி விலாவோடு ஒட்ட வைத்தார். துரை "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. வெள்ளைக்காரர் கத்தினார். துரை ஓடிப்போய் எடுத்து மறுபடியும் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கம்பெனிப் பெரிய தொர வந்துட்டாரு டோய்!" கங்காணி வேலிக்குப் பின்னால் குந்தினார். "நம்மாளுக்கே வெசாரண நடக்குது!"

தேயிலைக் கொழுந்தைவிட வேகமாய்த் துளிர்ப்பது லயத்துப் பேச்சு. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் துரை பெரிய துரையின் காலில் விழுந்துவிட்டார். விளக்கு வைப்பதற்குள் அழுதும்விட்டார். வீரய்யாவைத் தொட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று மேல்லயத்தில் முடிவாயிற்று. நேற்றுவரை அவனைக் கண்டு ஒதுங்கிப் போனவர்களெல்லாம் வந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் பங்களாவில் சமையல் செய்கிற செல்லசாமி வீரய்யாவிடம் தனியே வந்து அத்தனை வெற்றிலையிலும் சுண்ணாம்பை அள்ளிப் போட்டான்.

"கம்பெனியுமில்ல, கத்தரிக்காயுமில்ல, அண்ணே. அவரு நுவரெலியாவுல கோல்ஃப் சொல்லிக் குடுக்குற மேக்கி தொர. ஞாயித்துக்கெழம கிளப்புல கப்புப் போட்டி. நம்ம தொர பந்த அடிச்சா அது எப்பவும் வலப்பக்கம் ஓடி ஓடையில விழுந்துருதாம். வெள்ளக்காரங்க சிரிக்கிறாங்களாம்."

"அதுக்கு எதுக்குடா துண்டு?"

"எல்லாம் வலது கையாலதானாம். மட்டைய ஓங்கையில அந்தக் கை கோழி றெக்க மாதிரி வெளிய பறக்குதாம். அது அடங்கி, ஒடம்போட ஒட்டி, பின்னாலயே வரணுமாம். துண்டு விழாம அடிச்சா கை படிஞ்சிருச்சுன்னு அர்த்தமாம். நடக்கையில, சாப்பிடையில, எந்நேரமும் இடுக்கிக்கிட்டே இருக்கணும்னு மேக்கி தொர உத்தரவு. நேத்து சூப்புக் குடிக்க அவரு பட்ட பாட்டப் பாக்கணுமே!"

வீரய்யா விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவனோடு நிற்கிறவர்கள் பெரிய துரையை நம்பி நிற்கிறார்கள். அது வெறும் பந்து விளையாட்டு என்று தெரிந்தால்?

"எல்லார்கிட்டயும் உள்ளதச் சொல்லிறவா?" என்று நாகலெட்சுமியிடம் கேட்டான்.

"சொல்லித் தொலைக்காதீங்க. இத்தன வருசம் பொய்ய நம்பித்தான குனிஞ்சானுங்க? ஒரு தடவ பொய்ய நம்பி நிமுரட்டும்."

சனிக்கிழமை விடிந்தது. மூடுபனி கலைந்தபோது பெரட்டுக் களத்தில் ஒரு கக்கத்திலும் துண்டு இல்லை. தோள்தோளாய்த் துண்டு, சிலர் தலைப்பாகையே கட்டி வந்திருந்தார்கள். பழனியாண்டி கங்காணி, கோட்டின் மேல் ஜரிகைத் துண்டைப் போட்டுக்கொண்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை விறுவிறுவென்று வந்தார். பின்னால் ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். துரையின் வலது கக்கத்தில் அந்த வெள்ளைத் துண்டு. பயிற்சி அவ்வளவு நன்றாகப் பலித்திருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"வீரய்யா! துண்டு எடு! கக்கத்துலே வை! மன்னிப்புக் கேளு!"

வீரய்யா நிமிர்ந்து நின்றான். "தொர வச்சிருக்கிறதே நம்ம ரெண்டு பேருக்கும் போதுங்களே."

களம் வெடித்துச் சிரித்தது. "பெரிய தொர வைக்கச் சொன்னாருங்களா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. துரை குனிந்து பார்த்தார். வெடுக்கென்று துண்டை உருவினார்.

"முட்டாள்! இது கோல்ஃப்! விளையாட்டு! வலது கை பழகுறான்!" என்று கத்தினார். "பெரிய துரை யாரும் வர்றது இல்லே! அவன் கோல்ஃப் மாஸ்டர்!"

சிரிப்பு நின்றது. வீரய்யா பயந்த நிமிசம் இதுதான். கொழுந்துக் கூடைகள்கூட அசையவில்லை. கங்காணியின் கை மெல்ல எழுந்து ஜரிகைத் துண்டின் நுனியைப் பிடித்தது.

பெண்கள் வரிசையிலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது. "அப்போ தொர இடுக்குனா வெளையாட்டு. எங்க ஆளுக இடுக்குனா மரியாதையா? எங்களுக்கும் வெளையாட்டாவே இருக்கட்டும்ங்க. எங்களுக்கு இன்னைக்கு வெளையாட நேரமில்ல!"

கங்காணியின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு துண்டை எடுத்தது, உதறியது, தலையில் சுற்றி இறுக்கிக் கட்டியது. இத்தனை வருசத்தில் அவர் துரை முன்னால் தலைப்பாகை கட்டியது அதுதான் முதல் தடவை. கட்டத் தெரியாமல் காதை மூடிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

துரை கையை நீட்டி அவரை அதட்டப் பார்த்தார். ஆனால் அத்தனை கோபத்திலும் வலது முழங்கை விலாவை விட்டு விலக மறுத்தது. முன்னங்கை மட்டும் நீண்டு, காலொடிந்த கொக்கைப் போல ஆடியது. மேக்கி துரை பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார். துரை உதறிப் பார்த்தார், இன்னும் ஒட்டிக்கொண்டது. அந்த ஆத்திரத்தில் சீமைத் தமிழின் சீலை அவிழ்ந்தது.

"என்ன, எல்லாருக்கும் விசரே பிடிச்சிருக்கு? துண்டை இறக்குங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

பெரிய கிளாக்கர் முத்துலிங்கம் தன்னை மறந்தார். சொந்த யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டு எத்தனை மாதம்! "சேர்," என்றார் உருகிப்போய், "நீங்கள் எவடம்? வடமராட்சிப் பக்கமோ?"

துரை அவரைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். தோள்களில் கிடந்த துண்டுகளைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வேலைக்கு மலைக்குப் போங்கோ" என்றார், தணிந்த குரலில்.

"நானுமாங்க?" என்றான் வீரய்யா.

"நீரும்தான்."

ஞாயிற்றுக்கிழமை துரையின் பந்து ஓடைப் பக்கமே போகவில்லையாம், நேராகப் போனதாம். செல்லசாமிதான் வந்து சொன்னான். கப்பு வேறு யாருக்கோ போயிற்று. ஆனால் கிளப்புத் தலைவர் பாராட்டிக் கை கொடுத்தார். சாண்டர் துரை முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, இடுப்பிலிருந்து வளைந்துதான் அந்தக் கையைப் பிடித்தாராம். வேறு மாதிரி வரவில்லையாம்.

"பழகிப்போனா அப்படித்தான்" என்றான் வீரய்யா. தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி முடித்து மலைக்குக் கிளம்பினான். துண்டு தலையில் இருந்தது, வெயிலுக்காக.