தும்பி பறக்காத பதினோரு நாள்

...பறக்கவிடும் நோக்கம் என்று கேட்டால் என்னத்தை எழுதுவது, விவசாயமா, நில அளவையா, கல்யாணப் படப்பிடிப்பா, மூன்றும் இல்லை, கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம், எதிரே ஒரு விரற்கடை இடம், அதற்குள் மனைவியை எப்படி அடக்குவது... பூட்டு ரிப்பேர்க்காரர் பேனாவை மூடினார், திறந்தார். ட்ரோன் அனுமதி கேட்டு இந்த அலுவலகத்துக்கு இது மூன்றாவது நடை, அதே பெஞ்சு, அதே ஆடுகிற கால். முதல் நடையில் பதிவு எண் இல்லை என்றார்கள், அதை வாங்கி வந்தால் வரைபடம் எங்கே என்றார்கள், வரைபடத்தோடு வந்தால் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் புது நீதிமன்றம் வந்துவிட்டதே, தடைப்பகுதி ஆயிற்றே என்கிறார்கள். உள்ளங்கை அகல ட்ரோன், தும்பி என்று அவள் பெயர் வைத்தது, ஒரு தும்பி நீதிபதியை என்ன செய்துவிடும்? சரி, எங்கோ ஒரு பாவி கெட்ட காரியம் செய்திருப்பான், சட்டமும் வேண்டும்தானே, இவர்களை நொந்து என்ன... ஆனாலும் ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த கை, வானத்தைப் பூட்டுவார்கள் என்று யார் கண்டது!

இருபத்தாறு வருஷம் அவள் பாடம் சொன்ன பள்ளி, நாலு தெரு தள்ளித்தான், படுத்த படுக்கையானவளுக்கு அது நாலு கடல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இருக்கிற நாளைச் சந்தோஷமா வெச்சுக்குங்க என்று டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாடியிலிருந்து தும்பியைக் கிளப்பிவிட்டு, கீழே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஓட்டுவார், செல்போனில் மைதானம் விரியும், "இடப்பக்கம் திருப்புங்க, குழாயடியில யாரு தள்ளுமுள்ளு பண்றது பாருங்க, வாலுங்க" என்பாள். போலீஸ்காரர் வீடு தேடி வந்து எச்சரித்த நாளிலிருந்து தும்பி பெட்டிக்குள். மனசு கேட்கவில்லை, மாடியேறிச் சும்மா நின்றுவிட்டு வந்து பழைய பதிவை ஓட்டுகிறார், வெறும் ரிமோட்டை விரலால் அசைத்துக்கொண்டு... கட்டினவளிடம் பொய், கடவுளே, அனுமதி மட்டும் கிடைத்துவிட்டால் ஒரே நாளில் மெய்யாக்கிவிடலாமே.

'மனைவி பார்க்க' என்று எழுதி நீட்டினார். டீச்சரம்மா படுத்த படுக்கையான கதையைப் போன நடையிலேயே அவரிடம் கேட்டிருந்த குமாஸ்தா அம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். "கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லீங்க ஐயா. மேல அனுப்பறேன், ஒரு மாசம் ஆகும்." ஒரு மாசமாம்மா என்றார். அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். "என் பொண்ணு அந்த ஸ்கூல்தான் படிக்குது. சாயங்காலம் கூப்பிடப் போறப்ப வீடியோ கால் போடட்டுமா? டீச்சரம்மா எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும் திருப்பறேன்." நம்பரை எழுதிக் கொடுத்தார், நன்றி சொன்னாரா, நினைவில்லை. எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும்... இந்தப் பதினோரு நாளில் ஒரு தடவைகூடக் கட்டிலில் கிடக்கிறவள் திருப்பச் சொல்லவில்லையே? உடம்புக்கு முடியவில்லை, அதான் பேச்சுக் குறைந்துவிட்டது என்றல்லவா இருந்தார். நேற்று சாயங்காலம் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை கொட்டியது, செல்போனில் மைதானம் காய்ந்து கிடந்தது, அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அப்போதுதானே சொன்னாள், "அந்த ஜன்னல் திரைய இழுத்து விடுங்க, வெளிச்சம் கண்ணைக் கூசுது." இழுத்து விட்டாரே, மறுபேச்சுப் பேசாமல்... இருட்டிக்கொண்டு கொட்டிய மழையில் எங்கிருந்து வந்தது வெளிச்சம்?