ரோஜா வாளியைக் கவிழ்த்து வைத்த கதை

1.

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கால்வாய்ப் படகில் குடியேறப் போகிற ஒருவர் கேட்டார்: "படகுக்கு எந்த இன்டர்நெட் கருவி வாங்கலாம்?" நான் பல வருஷமாகப் படகில் குடியிருக்கிறேன். நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலாவது வரியில் நெவில் நுழைந்துவிட்டான். நெவில் நுழைந்தால் எதுவும் நாலு வரியில் முடியாது.

அந்த நாலு வரி இதுதான். "படகு ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே சிக்னல் சரியாக வராது. ஆகவே ஆன்டெனாவைக் கூரைமேல் வையுங்கள், ரௌட்டரை உள்ளே வையுங்கள். இரண்டு வேறு கம்பெனி சிம் போடுங்கள். கரண்ட்டைப் படகு பேட்டரியிலிருந்து நேரே எடுங்கள்."

கேள்வி கேட்டவர் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்கள் உட்காருங்கள்.

2.

முதல் தொடக்கம்: "பனி மூடிய கால்வாயில், வாடிய வில்லோ மரங்களுக்கு நடுவே, தனிமையில் ஒரு படகு —"

[வேண்டாம். தனிமையாவது! இந்தக் கரையில் நின்று தும்மினால் ஆறு படகிலிருந்து பதில் வரும்.]

இரண்டாம் தொடக்கம்: "ஹேஸல் பேசக் கற்றுத் தருகிறவள்."

இது பரவாயில்லை. பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு, வீடியோ வழியாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் பேசப் பழக்குவது அவள் வேலை. அவள் கணவன் நெவில் லாரி ஓட்டியவன், முதுகு போனதால் விட்டுவிட்டான். இருவரும் வீட்டை விற்றுப் படகு வாங்கினார்கள். படகின் பெயர் 'மறுயோசனை'. (பலகையில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழாக்கியது நான். இந்தக் கதையில் எல்லாரும் தமிழ் பேசுவதும் என் கைங்கரியமே.)

ஹேஸலின் சிகிச்சை நிலையம் ஒரு நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. படகிலிருந்து வேலை பார்க்கலாம், ஆனால் லைன் அறுபடுகிறது என்று நோயாளி வீட்டார் புகார் சொன்னால் டவுனுக்குத் திரும்பிவர வேண்டும். டவுனில் வாடகை வீடு, இங்கே ஒரு படகு என்று இரண்டையும் அவர்களால் தாங்க முடியாது. படகை விற்கத்தான் வேண்டும். நெவிலுக்குப் படகு உயிர். ஹேஸலுக்கும்தான், ஆனால் அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

3.

கருவி தேர்ந்தெடுத்த கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். கரையில் நடந்த யாரும் விடவில்லை. ஆளுக்கொரு நாட்டாமை. போனையே காலுறைக்குள் போட்டு ஜன்னலில் தொங்கவிடு என்றார் ஒருவர். தொங்கவிட்டார்கள். படகு ஆடியபோதெல்லாம் ஹேஸலின் நோயாளிகளுக்குத் தலை சுற்றியது. நீளக் கம்பத்தில் ஆன்டெனா கட்டு என்றார் இன்னொருவர். நெவில் கட்டினான். இறக்க மறந்து பாலத்துக்கு அடியில் படகை விட்டான். கம்பம் பாலத்தோடு நின்றுவிட்டது, படகு மட்டும் இந்தப் பக்கம் வந்தது. வானத்தைப் பார்க்கும் சாட்டிலைட் தட்டு வாங்கலாமே என்றேன் நான். அது பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும், மரத்தடியில் வேலையும் செய்யாது என்றாள் ஹேஸல். மரத்தடி இல்லாத இடத்தில் படகு கட்ட நெவிலுக்கு மனசு வராது.

கடைசியில் வந்தது காளான் மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா. அடியில் காந்தம். கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

"என்ன வாத்து,* படம் வருதா?" கூரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினான் நெவில்.

"வருது. கூடவே ஜன்னல்ல ஒரு காலும் தொங்குது. அது உன்னோடதா?"

"என்னோடதுதான்."

"அதை முதல்ல உள்ள இழு. நோயாளி பயந்துடப் போறாரு."

வேலை செய்தது. ஹேஸல் பாத்திரம் கழுவும்போது பாடினாள். அவளுக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

(* இந்தப் பக்கத்து ஜனங்கள் பிரியமாகக் கூப்பிடும் சொல் இது. பெண்டாட்டியும் வாத்து, பஸ் ஓட்டுநரும் வாத்து, கடைக்காரரும் வாத்து. குளத்தில் நீந்துகிறதே, அதற்கும் இதே சொல்தான். பின்னால் தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.)

4.

ஓர் இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் எங்களைப் போன்றவர்கள் படகைக் கட்டக் கூடாது. ஆகவே நகர்ந்தோம். முன்னால் மறுயோசனை, பின்னால் நான். பாலத்தைத் தாண்டி, நெவிலுக்குப் பிடித்த மாதிரி நல்ல வில்லோ நிழலில் கட்டினோம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி.

படம் வரும், உறையும். குரல் வரும், கரகரத்துப் போகும். மரம்தான் காரணம் என்றான் நெவில். படகை மரத்தைவிட்டு நகர்த்தினான். மேடு மறைக்கிறது என்றான். சிம்மை மாற்றினான். ரௌட்டரைத் துடைத்தான், திட்டினான், முத்தம்கூடக் கொடுத்தான். எதிர்க்கரையில் மேய்ந்த மாட்டைச் சந்தேகப்பட்டதும் உண்டு.

இனி வரும் பகுதியை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஹேஸலின் நோயாளி ஒருவர். அவருக்கு வில்ஃப் என்று பெயர் வைக்கிறேன். அவர் மனைவிக்கு எனிட். உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது, ஹேஸலும் சொல்ல மாட்டாள். ஆனால் அவள் ஜன்னல் திறந்திருக்கும், நான் கரையில் என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன், தண்ணீருக்குமேல் குரல் வழுக்கிக்கொண்டு வரும். நான் என்ன காதைக் கழற்றியா வைக்க முடியும்?

வில்ஃப் பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. எனிட்டின் பெயரைச் சொல்லவைக்க ஹேஸல் வாரக்கணக்காகப் பாடுபட்டாள்.

"பேரா? கல்யாணமான நாள்லேர்ந்து அவரு என் பேரைச் சொன்னதே இல்லம்மா. பேங்க்ல கேட்டாக்கூட முழிப்பாரு" என்றாள் எனிட்.

"பரவால்லம்மா. அவருக்கு எந்த வார்த்தை வருதோ வரட்டும். நாம அவசரப்படுத்த வேணாம்."

நான் சைக்கிளின் ஒரு சக்கரத்தைத் துடைத்து முடித்தேன். பிறகு ஒரு கிழக்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறுகிற மாதிரி மெல்ல மெல்ல:

"வா —"

அவ்வளவுதான். உறைந்துவிட்டது.

[ஆங்கிலத்தில் அது வேறு ஒலி. தமிழில் எழுதும்போது 'வா' என்று வந்து விழுந்துவிட்டது. கூப்பிடுகிற சொல்லாக விழுந்துவிட்டதே என்று பார்க்கிறேன், அழிக்க மனசில்லை.]

லைன் திரும்பி வந்ததும் எனிட்தான் முதலில் பேசினாள். "சொன்னாரும்மா. எதையோ சொன்னாரு. நீ அசையாம அப்படியே உட்கார்ந்திருந்தே. உனக்குப் புரியலேன்னு நெனச்சுக்கிட்டு வாயை மூடிட்டாரு. சுவத்தைப் பார்த்துத் திரும்பிட்டாரு."

"லைன் அறுந்துடுச்சும்மா, நான் —"

"உன்னைக் குத்தம் சொல்லல, வாத்து. நீ நல்ல பொண்ணு. ஆனா அடுத்த வியாழனும் இப்படின்னா, எதிர்ல உட்கார்ந்து பேசற ஆளா பார்த்துக்கறோம். உங்க ஆபீஸ்லயும் சொல்லிடறேன். கோவிச்சுக்காதே."

எனிட்டின்மேல் கோபம் வருகிற மாதிரி இந்த இடத்தை எழுத முயன்றேன். முடியவில்லை. அவள் சொன்னது நியாயம்.

5.

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே.

நெவிலை வில்லனாக்கிப் பார்த்தேன்: "அவன் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கி —" [சீ. படகை இழக்கப் போகிறவனே அவன்தான்.] ஹேஸலை: "அவளுக்கு உள்ளூர டவுன் ஆசை —" [அன்று பாத்திரத்தோடு அவள் பாடியதைக் கேட்ட எவனும் இதை நம்ப மாட்டான்.]

அந்த வாரம் நெவில் செய்த ஒரே காரியம், ஒரு பலகை எடுத்து 'விற்பனைக்கு' என்று எழுத உட்கார்ந்தது. எங்கள் கால்வாயில் ரோஜாப்பூவும் கோட்டையும் வரையாத கதவு இல்லை, வாளி இல்லை. அதில் நெவில் கைகாரன். 'விற்ப' வரை எழுதினான். பக்கத்தில் பழக்கதோஷத்தில் ஒரு ரோஜா போட்டான். பிறகு தூரிகையை ஊறப்போட்டுவிட்டு, நாள் முழுக்க அந்தப் பக்கமே வரவில்லை.

"பாதில விட்டுட்டியே" என்றேன்.

"நீ மட்டும் எத்தனை வாக்கியத்தைப் பாதில விட்டு வச்சிருக்கே, எழுத்தாளரே? வந்துட்டாரு கேக்க!"

6.

என்னை இந்தக் கதைக்குள் கொண்டுவருவதில்லை என்றுதான் தீர்மானித்திருந்தேன். இனி முடியாது. வாளியை எடுத்தது நான்.

என் வாளி கால்வாயில் விழுந்து முழுகிவிட்டது. படகுவாசிகளுக்குச் சகஜம். மறுயோசனையின் கூரையில் ஓர் இரும்பு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. புதுசு. சுற்றிலும் ரோஜா, சிவப்பும் மஞ்சளுமாக. நெவில் வரைந்ததிலேயே அழகானது. எங்கள் கூரையில் எல்லாமே கவிழ்ந்துதான் இருக்கும். கேட்காமல் எடுத்தேன். அடியில் காளான் மாதிரி ஏதோ இருந்தது. காற்றுப்போக்கி என்று நினைத்தேன். படகுக் கூரை முழுக்கக் காளான் வடிவக் காற்றுப்போக்கிகள்தானே.

என் முன்தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். நெவில் கரையில் வந்து இடுப்பில் கை வைத்தான்.

"என் வாளி எங்க?"

"இதோ தரேன். வாளியா தங்கமா?"

"தங்கம்தான். குடு இப்படி."

அப்போது படகுக்குள்ளிருந்து ஹேஸல்: "நெவில்! என்ன பண்ணினே? படம் கண்ணாடி மாதிரி வருது!"

"நான் ஒண்ணும் பண்ணல, வாத்து!" என்று கத்திக்கொண்டே அவன் வாளியைப் பழைய இடத்தில் கவிழ்த்தான்.

"போச்சு!"

தூக்கினான்.

"வந்துடுச்சு!"

கவிழ்த்தான்.

"ஐயோ, போச்சு! என்னதான் பண்ணறே அங்க?"

நெவில் வாளியைப் பார்த்தான். காளானைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகம் ரோஜாவைவிடச் சிவந்தது.

"இரும்பு" என்றேன்.

"தெரியும்."

"படகுச் சுவர் இரும்புன்னுதானே ஆன்டெனாவை வெளிய வச்சே?"

"தெரியும்யா! மழை பட்டா கெட்டுடும்னு நெனச்சேன். வேற எடத்துக்கு வந்த அன்னிக்குத்தான் வாளில பெயிண்ட் காஞ்சுது. கொண்டுவந்து மூடினேன். பார்க்கவும் அசிங்கமா இருந்துச்சு அது. அவளுக்குப் பூன்னா பிடிக்கும்." குரலைத் தாழ்த்தினான். "இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்" என்றேன். (எழுத்தாளனுக்கு வாக்குக் கொடுக்கத் தெரியும், காப்பாற்றத்தான் தெரியாது.)

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஹேஸல் படியேறி வந்து நின்றிருந்தாள். கையில் பாத்திரம் துடைக்கும் துணி.

"மழைல வைக்கறதுக்குன்னே செஞ்ச சாமான், நெவில்."

"ம்."

"அதுக்குக் குடை பிடிச்சிருக்கே."

"ம்."

அவள் வாளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனை ரோஜாவும் எனக்கா?"

"பின்ன, எழுத்தாளருக்கா?"

துணியால் அவன் தலையில் ஒரு போடு போட்டாள். பிறகு அதே தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சைக்கிளைத் துடைக்கவேண்டிய வேலை இருந்தது, வந்துவிட்டேன்.

7.

வியாழன் இன்னும் பாக்கி. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: வில்ஃப் கடகடவென்று பேசுகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். [பொய். பேச்சு அப்படித் திரும்பாது. ஹேஸல் படித்தால் என்னைக் கால்வாயில் தள்ளுவாள்.]

இரண்டு: லைன் துல்லியமாக இருக்கிறது, வில்ஃப் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். [இதுதான் நடக்கும் என்று பயந்தேன். ஒரு தடவை மூடிய வாய் அது.]

மூன்று, நான் கேட்டது:

நெவில் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான், விட்டால் வாளியே எழுந்து போய் ஆன்டெனாவை மூடிவிடும் என்கிற மாதிரி. பலகை அவன் காலடியில் கிடந்தது. 'விற்ப', ஒரு ரோஜா. லேசாகத் தூறியது. காளான் நனைந்தது, லைன் அசையவில்லை.

ஹேஸல் காத்திருந்தாள். அவள் தொழிலில் பாதி அதுதான். அவள் முதுகுக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கத்து ஜன்னல். அதில் தண்ணீர் தெரியும். அங்கே வாத்துகள் ரொட்டி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"வா —"

நெவில் மூச்சை நிறுத்தினான். நானும்தான்.

"— த்து."

முழுசாக வந்தது. யாரும் உறையவில்லை.

எனிட் முதலில் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டாள்:

"ஏங்க, என்னையா கூப்பிட்டீங்க? இல்ல அந்தப் பொண்ணு பின்னாடி நீந்துதே, அதைச் சொன்னீங்களா?"

வில்ஃப் பதில் சொல்ல மூச்சை இழுத்தார். அது எனக்கு நன்றாகவே கேட்டது.

என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். லைன் அறுந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல மாட்டேன், அன்று அதைவிடத் தெளிவான லைன் இந்தக் கால்வாயில் கிடையாது. அது எனிட்டுக்கு வந்த பதில், எனக்கோ உங்களுக்கோ வந்ததல்ல. ஆகவே நெவிலின் மடியிலிருந்து ரோஜா வாளியை நான்தான் எடுக்கிறேன், இந்த இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே தூக்கிப் பாருங்கள்.