ஹூஸ்டன் மலிவுதான்

அமெரிக்காவில் வாடகையைப் பணமாக வாங்குவதில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. சான் பிரான்சிஸ்கோவில் தூக்கத்தை எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறு மத்தியானத் தூக்கம் மட்டும் நமக்கு. சிகாகோவில் உள்ளங்கைச் சூடு. நியூயார்க்கில் வீட்டுக்கு மாதம் ஒரு விரற்கடை உயரம். இருப்பதிலேயே மலிவு ஹூஸ்டன்தான். அங்கே புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கொடுத்தால் போதும்.

கோவில்பட்டி செண்பகவல்லியின் கணவர் திருமலையப்பனுக்கு அமெரிக்காவுக்கு மாற்றல் வந்திருந்தது. எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர்தான் சொல்ல வேண்டும்.

“ஹூஸ்டன்னு எழுதிருதேன் வல்லி. சண்டைதானே, விட்டது சனியன்னு கொடுத்துருவோம்.”

அவளுக்கு அது சனியன் இல்லை. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு நாள்கூட வாய் திறந்து மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டை முடிந்ததும் அடுப்படிக்குப் போவார், சுக்குக் காப்பி போடுவார், அவள் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளில் அவருக்கு அடுப்படி எந்தத் திசை என்றே தெரியாது. சண்டையைக் கொடுத்துவிட்டால் அந்தக் காப்பிக்கு அவள் எங்கே போவாள்?

“சண்டை போடாம ஒங்ககூட எப்படிங்க இருக்கது? நான் வரலை. நீங்க மட்டும் போங்க.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

திருமலையப்பன் தலையைச் சொறிந்தார்.

“எனக்குத்தான் ஆறடி கெடக்கே. நியூயார்க்குக்கே போவோம். ரெண்டு பேருக்கும் சேத்து நானே கட்டுதேன்.”

காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்காமல் கடையை விட்டு நகராதவள் செண்பகவல்லி. நியூயார்க் வீட்டுக்காரர்களுக்கு அவளே போன் போட்டாள். “வாடகையக் குறைக்க மாட்டீங்க, சரி. கொசுறு என்ன தருவீங்க?” கைக்குச் சிக்கும்போது ஏதாவது அனுப்புகிறோம் என்றார்கள்.

போய்ச் சேர்ந்து பதினாலு மாதத்தில் அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. இத்தனை காலம் கழுத்து வலிக்க அண்ணாந்து சண்டை போட்டவளுக்கு அது எவ்வளவு சௌகரியம்! அன்றைக்கு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆசை தீரச் சண்டை போட்டாள். அவர் அடுப்படிக்குப் போனார்.

அப்போது கொசுறு வந்தது. பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஹூஸ்டனில் யாரோ வாடகையாகக் கட்டிய சண்டை. ஈரத் துண்டை யார் காயப்போடுவது என்று தொடங்கி, பாதியில் நின்றிருந்தது. அது இறங்கிப் போய் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“ஏங்க, இதுக்கும் சேத்துப் போடுங்க,” என்றாள்.

திருமலையப்பன் மூன்று டம்ளரோடு வந்தார். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவதை அதன் பக்கத்தில் ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.