கிளைடர் நாலு பதில் சொல்லவில்லை

மார்ச் பதினேழாம் தேதி, ஞாயிறு பிற்பகல், விமான நிலையத்தின் வடக்கு எல்லையில், எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் சிறு விமானங்களான கிளைடர்கள் நான்கு பறந்துகொண்டிருந்தன.

ரேடார் அறையில், விமானங்களுக்கு வழி சொல்லும் பெண் கண்ட்ரோலர் இரண்டாவது ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றிவிட வேண்டியவர் வரவில்லை. கிளைடர்களுக்கான ஞாயிறு அனுமதி அவள் மேலதிகாரியிடம் நடையாய் நடந்து வாங்கியது. "எஞ்சின் இல்லாதவங்க எப்படியும் பறக்கத்தான் போறாங்க சார். பேசாம பறக்கிறதுக்குப் பதிலா நம்மகிட்ட பேசிக்கிட்டுப் பறக்கட்டும்" என்பது அவள் வாதம். அவர் ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்: கிளைடரால் ஒரு பயணிகள் விமானம் தாமதமானாலும் அனுமதி ரத்து.

"அக்கா, உங்க பட்டம் கூப்பிடுது" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

கிளைடர் நாலு. ஓட்டுபவர் ஒரு பல் டாக்டர்.

"காத்து கைவிட்டுடுச்சும்மா. இறங்கிட்டே இருக்கேன். உங்க விமானங்க இறங்குற பாதையோட ஓரத்தைக் கடந்தா எங்க மைதானத்துக்கு வந்துடலாம். விடுவீங்களா?"

அந்த ஓரத்தை நோக்கி வரிசையாக விமானங்கள் வந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் காத்திருங்க டாக்டர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மற்ற விமானங்களுக்குக் காத்திருப்பது என்றால் வட்டமடிப்பது. கிளைடருக்கு அது உயரம் இழந்துகொண்டே போவது.

"சரிம்மா" என்றார் அவர்.

ஒரு விமானிக்கு உயரம் சொன்னாள், இன்னொருவனை வேகம் குறைக்கச் சொன்னாள், மூன்றாமவன் கேட்டதையே திரும்பக் கேட்டான். இடைவெளி கிடைத்ததும் அழைத்தாள்.

"கிளைடர் நாலு, கடக்கலாம்."

பதில் இல்லை. திரையில் அந்தப் புள்ளியும் இல்லை. மீண்டும் அழைத்தாள்.

"எங்கயாவது வயல்ல இறங்கியிருப்பாருக்கா. குன்றுக்குப் பின்னால ரேடியோ எட்டாது. ஒரு பத்து நிமிஷம் பாருங்க, போன் வரும்."

"விழுந்திருந்தா?"

அவன் தன் திரையைப் பார்த்துக்கொண்டான்.

அவள் மீட்புக் குழுவுக்கான போனை எடுத்தாள். ஹெலிகாப்டருக்கு வழிவிட, இறங்க வந்த இரண்டு விமானங்களைத் திருப்பி வட்டமடிக்க வைத்தாள்.

ஹெலிகாப்டர் கிளம்பிய பிறகு வெளிப் போன் அடித்தது. டாக்டரின் மச்சான், கிளைடரை ஏற்றிப்போக டிரெய்லர் ஓட்டி வந்தவர்.

"ஆள் நல்லா இருக்காரும்மா. உழுத வயல்ல உக்காந்து தண்ணி குடிக்கிறாரு. எங்க அக்காவை இவருக்குக் கட்டிக் கொடுத்தாங்க, இந்த டிரெய்லரை என் தலையில கட்டிட்டாங்க. இருங்க, அவர்கிட்ட தர்றேன்."

"இறங்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா டாக்டர்?" அவள் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை.

"நீங்க மூச்சு விடாம பேசிட்டிருந்தீங்க. நடுவுல புகுந்து ஏதாவது குழப்பமாயிட்டா அனுமதி போயிடுமேன்னுதான் பேசாம இருந்தேன்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"போயிடுச்சு டாக்டர்."

மறுமுனையில் மச்சான் யாரையோ டிரெய்லரைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்டீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"இன்னும் இல்ல."

இரண்டு விமானங்களும் அரை மணி தாமதமாக இறங்கின. அடுத்த ஞாயிறு முதல் கிளைடர்களுக்கான அனுமதி ரத்து செய்யப்பட்டது.