வால் ஆட்டிய கேரவன்

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஊர் பேக்கரி ரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டே சாண்ட்விச்சை முழுசாகத் தின்று முடித்த டெஸ்மண்ட், கையைத் துடைத்துக்கொண்டு காரின் பின்பக்கம் வந்து நின்றார். அவர் முகம் சுருங்கியது. காரின் பின்பாகம் தரையைத் தொட்டுவிடுவது போலத் தாழ்ந்து கிடந்தது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. குளிர்காய்வதற்கென்று காலையில்தான் ஆறு மூட்டை யூகலிப்டஸ் மரக்கட்டை வாங்கி டிக்கியில் அடைத்திருந்தார். அதற்கும் பின்னால் கேரவன் வேறு கொக்கியில் தொங்குகிறது. கேரவன் என்றால் அரண்மனை ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் ஒரு மேசை. குவார்ன் ஊரில் முப்பது வருஷம் ரொட்டி சுட்டுச் சேர்த்த காசில், ஓய்வுக்குப் பிறகு வாங்கியது.

"காரு இப்படிக் குந்திக்கிட்டு இருந்தா பாக்குறவன் சிரிப்பான்" என்று சொல்லி, கேரவனின் முன்பெட்டியைத் திறந்தார். ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, தண்ணீர் நிரம்பிய இரண்டு கேன்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கிச் சுமந்து, கேரவனின் பின்பக்கத் தாங்கியில் கட்டினார். முன்னால் பாரம் குறைந்ததும் காரின் முதுகு நிமிர்ந்தது. டெஸ்மண்டின் முதுகும் நிமிர்ந்தது.

அவர் மனைவி நோரீன் தெர்மாஸை மூடிக்கொண்டே இதைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மண் ரோடு, மழை ரோடு, கங்காரு குறுக்கே பாயும் ரோடு எல்லாம் பார்த்தவர்.

"டெஸ், எல்லாத்தையும் பின்னாடி கொண்டுபோயிட்டியே. வண்டி ஆடாதா? கட்டை மூட்டைய இறக்கினாலே காரு சரியாயிடுமே."

"அம்மணி, பஸ் ஓட்டுறது வேற, இழுத்துக்கிட்டுப் போறது வேற. இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம். நீ உன் எடை மெஷினப் பத்திரமா வெச்சிக்க, போதும்."

அந்த எடை மெஷின் அவர்களுக்குள் தீராத வழக்கு. போன வருஷம் டெஸ்மண்டின் இதயத்தில் குழாய் வைத்த டாக்டர், வாரம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லியிருந்தார். நோரீன் அதைப் பயணத்திலும் விடவில்லை. குளியலறைத் தரையில் கிடக்க வேண்டிய மெஷினைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஒரே ஜென்மம் தன் மனைவிதான் என்று டெஸ்மண்ட் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நோரீன் காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

அயர்ன் நாப் தாண்டியதும் எதிரே மூன்று டிரெய்லர் கோத்த பெரிய லாரி ஒன்று வந்தது. அது உரசினாற்போல் கடந்தபோது அடித்த காற்றில் கேரவன் இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் சாய்ந்து, மறுபடி இடது பக்கம் வந்து, பிறகுதான் அடங்கியது. டெஸ்மண்டின் உள்ளங்கை வியர்த்தது. ஆனால் அதை அவர் கால்சட்டையில் துடைத்துக்கொண்ட விதம், ஏதோ சாண்ட்விச் எண்ணெயைத் துடைப்பது போல இருந்தது.

முன்பலகையில் இருந்த ரேடியோ கரகரத்தது. இந்த ரோட்டில் லாரிக்காரர்களும் கேரவன்காரர்களும் ஒரே அலைவரிசையில்தான் பேசிக்கொள்வார்கள்.

"கேரவன்காரப் பெரியவரே, இப்பத்தான் உங்களத் தாண்டினேன். கண்ணாடியில பாத்தேன், உங்க வண்டி வாலாட்டுது. பின்னாடி சுமை ஜாஸ்தியா இருக்கு போல. ஓரங்கட்டி மாத்திக்குங்க."

டெஸ்மண்ட் ரேடியோவின் பேசியை எடுத்தார். "நாய் சந்தோஷமா இருந்தா வாலாட்டும் தம்பி. என் வண்டியும் சந்தோஷமாத்தான் இருக்கு."

"சந்தோஷம் ஜாஸ்தியானா கவுந்துடும், பாத்துக்குங்க" என்றது குரல். அதோடு அடங்கியது.

"அந்த ஆளு சொல்றது சரிதான், டெஸ். நிறுத்து."

"காத்துதான், நோரீன். வேகத்தக் கூட்டினா தானா நேராயிடும்."

இப்படி ஒரு வைத்தியத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கேரவன் பூங்காக்களில் மாலை வேளையில் பீர் குடித்துக்கொண்டு ஆண்கள் பரிமாறிக்கொள்ளும் ஞானத்தில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். மணிக்கு நூற்றைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனார். கொஞ்ச நேரம் நேராகத்தான் போயிற்று. டெஸ்மண்ட் சீட்டியடிக்கக்கூட ஆரம்பித்தார்.

கிம்பாவுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கையில் ஒரு இறக்கம் வந்தது. மணி மூன்றே முக்கால். இரண்டு பக்கமும் கோதுமை வயல். இறக்கத்தின் பாதியில் பக்கவாட்டுக் காற்று ஒன்று தட்டியது, அவ்வளவுதான். கேரவன் இடமும் வலமுமாக வீச ஆரம்பித்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிசாக இருந்தது. இப்போது கேரவன்தான் காரை ஓட்டியது. டெஸ்மண்ட் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் இழுத்தது.

எதிரே மஞ்சள் பலகை வைத்த பள்ளிக்கூட பஸ் வந்துகொண்டிருந்தது.

டெஸ்மண்டின் கால் பிரேக்கைத் தேடியது. பயந்தவன் கால் வேறு எங்கே போகும்?

"பிரேக்குல கால வைக்காத! ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடு! ஸ்டியரிங்க நேராப் பிடி, திருப்பாத!" நோரீனின் குரல் அப்படி எழும்பி அவர் கேட்டதே இல்லை. அது மனைவி குரல் இல்லை, ஓட்டுநர் குரல். சொல்லிக்கொண்டே நோரீன் எட்டி, முன்பலகையில் கேரவன் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் போடும் பொத்தானை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார்.

கேரவன் பின்னாலிருந்து காரை இழுத்துப் பிடித்தது. வீச்சு குறைந்தது. அதற்குள் பஸ் ரோட்டை விட்டு இறங்கிச் சரளையில் புழுதி பறக்க ஓடி நின்றது. கேரவனின் வால் அந்தப் பஸ்ஸின் கண்ணாடியைத் தொடாமல் போனது எத்தனை விரற்கடையில் என்று டெஸ்மண்ட் சாகும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

வண்டி ஓரத்தில் நின்றதும் அவர் கதவைத் திறந்தார். நோரீன் ஏற்கெனவே இறங்கி, ரோட்டைத் தாண்டி பஸ்ஸின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் தட்டுத் தடுமாறிப் பின்னால் போனார். ஜன்னல்களில் சின்னச் சின்ன முகங்கள், அகலத் தொப்பிகள். நோரீன் பழக்கதோஷத்தில் விரல் நீட்டித் தலைகளை எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது. பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பஸ் ஓட்டிய டானியா என்ற பெண் கீழே இறங்கி வந்தாள். நாற்பது வயசு இருக்கும். உதடு வெளுத்திருந்தது. திட்டப் போகிறாள் என்று டெஸ்மண்ட் தலையைத் தயாராகக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை.

"பெரியவரே, உங்க கொக்கியில எத்தன கிலோ உக்காந்திருக்கு?"

டெஸ்மண்டுக்குத் தெரியாது.

"கேரவன் மொத்த எடையாவது தெரியுமா?"

அதுவும் தெரியாது.

"ஒன்பது பிள்ளைங்கள நான் வீடு சேக்கணும். எனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டு டானியா பஸ்ஸில் ஏறினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டெஸ்மண்டுக்கு.

புழுதி அடங்கியதும் நோரீன் ரோட்டோரக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். "நான் அந்த வண்டியில ஏற மாட்டேன், டெஸ். யாராவது வந்தா கை காட்டி ஊருக்குத் திரும்பிடுவேன். நீ வேணா உன் கட்டையோட போ."

"நோரீன்..."

"முப்பது வருஷம் மாவுல போடுற உப்ப கிராம் கணக்குல எடை போட்ட மனுஷன் நீ. ஒரு சிட்டிகை கூடினா முழு மாவையும் தூக்கிப் போடுவ. ஒரு டன்னுக்கு மேல இழுத்துக்கிட்டுப் போறோம். அத ஒரு தடவ எடை போட்டுப் பாத்தியா? நான் சொன்னேன், கேட்டியா? முகம் தெரியாத லாரிக்காரன் சொன்னான், அவனையும் கிண்டல் பண்ணின."

டெஸ்மண்ட் அங்கேயே சரளையில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்றால், அழுதார். அதை மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: "அந்த எடை மெஷின் கட்டிலுக்கு அடியிலதான இருக்கு?"

கேரவனைக் காரிலிருந்து கழற்றினார்கள். மெஷினைத் தரையில் சமமாக வைத்து, அதன்மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ஜாக்கியைச் சுழற்றி, கேரவனின் முன்கொக்கியை அதில் மெல்ல இறக்கினார் நோரீன். முள் நகர்ந்து நின்றது. முப்பத்தெட்டு கிலோ.

"நம்ம வண்டிக்கு நூத்திமுப்பதாவது இருக்கணும்" என்றார் நோரீன். "வண்டித் தகட்டுல போட்டிருக்கற மொத்த எடையில பத்துல ஒரு பங்கு. முன்னாடி கனம் இருந்தாத்தான் பின்னாடி ஆடாது."

"தெரிஞ்சிருந்தும் ஏன் அப்பவே சத்தம் போடல?"

"ஆம்பளைங்க சமாச்சாரம்னு சொன்னியே."

டெஸ்மண்ட் கேரவனின் பின்பக்கம் போனார். ஜெனரேட்டரையும் கேன்களையும் சுமந்து முன்பெட்டிக்கே கொண்டுபோனார். கருவிப் பெட்டியை உள்ளே சக்கரத்துக்கு நேர் மேலே தரையில் வைத்தார். மறுபடி இறக்கிப் பார்த்தபோது முள் நூற்று முப்பத்திரண்டில் நின்றது. மரக்கட்டை மூட்டை ஐந்தைக் காரிலிருந்து இறக்கி ரோட்டோர வேலியில் சாய்த்தார். கார் ஒரு மூட்டையோடு நிமிர்ந்து நின்றது. மதியம் நோரீன் சொன்னதும் இதைத்தான்.

பிறகு சாவியை நோரீனின் கையில் வைத்தார். "நீ ஓட்டு."

எண்பதுக்கு மேல் போகாமல் நோரீன் ஓட்டினார். லாரி ஒன்று எதிரே கடந்தது. கேரவன் தோளைக் குலுக்குவது போல ஒருமுறை அசைந்துவிட்டுப் பின்னாலேயே ஒழுங்காக வந்தது. டெஸ்மண்ட் பேசியை எடுத்தார்.

"மதியம் அயர்ன் நாப் பக்கம் ஒரு கேரவனுக்கு வாலாட்டுதுன்னு சொன்ன தம்பி யாரு? கேக்குதா தெரியல. நீ சொன்னது சரி. நான் முட்டாள். மன்னிச்சிக்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிம்பாவுக்குக் கிழக்கே பத்தாவது கிலோமீட்டர்ல வேலியோரம் அஞ்சு மூட்டை கட்டை இருக்கு, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்றும் சேர்த்தார்.

பதிலுக்கு ரேடியோவில் யாரோ தூரத்திலிருந்து சிரித்தார்கள். "கட்டைக்கு நன்றி, பெரியவரே!"

கிம்பா கேரவன் பூங்காவில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மீந்த ஒரு மூட்டையில் பொதுத் தீ மூட்டினார்கள். சுற்றி ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர், புதுசாகக் கேரவன் வாங்கிய க்ளின்ட் என்ற இளைஞர், பெருமையாகச் சொன்னார்: "லேசா ஆடிச்சு இன்னைக்கு. வேகத்தக் கூட்டினேன், சரியாயிடுச்சு." பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். க்ளின்ட் கையை அசைத்து அடக்கினார்.

டெஸ்மண்ட் எழுந்தார். தன் கேரவனுக்குப் போய் எடை மெஷினை எடுத்துவந்து க்ளின்டின் காலடியில் வைத்தார்.

"எதுக்கு இது?" என்று சிரித்தார் க்ளின்ட்.

"நானும் இதப் பாத்து ஒரு வருஷமாச் சிரிச்சேன் தம்பி. இன்னைக்கு மூணே முக்காலுக்கு ஒன்பது பிள்ளைங்கள கொன்னிருப்பேன். வா, உன் கொக்கிய எடை போடுவோம். உன் வீட்டுக்காரம்மா சொல்ல வந்ததையும் மொதல்ல கேளு. ரோட்டுல நாம ஏத்துற பாரத்த நாம மட்டும் சுமக்கல, எதிர்ல வர்ற முகம் தெரியாதவங்களும் சேந்து சுமக்கறாங்க. அதனால அத எடை போட்டுப் பாக்குறதும், பக்கத்துல இருக்கவங்க எச்சரிச்சா நின்னு கேக்குறதும் மானப் பிரச்சினை இல்ல. அவங்களுக்கு நாம செய்ய வேண்டிய கடமை."

க்ளின்ட் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண், "பின்னாடி ரெண்டு சைக்கிளும் பெரிய ஐஸ் பெட்டியும் இருக்கு, அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

அன்று இருட்டுவதற்குள் அந்த மெஷின் பூங்காவில் ஐந்து கேரவன்களுக்குக் கீழே போய்வந்தது. கடைசியில் அதைத் திருப்பி வாங்கித் துடைத்துக்கொண்டே நோரீன் சொன்னார்:

"எல்லாரும் முடிச்சாச்சா? டெஸ், செருப்பக் கழட்டிட்டு ஏறு. இன்னைக்கு உன் முறை."

டெஸ்மண்ட் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.