எட்டு வீட்டுத் துப்பாக்கி

எங்கள் படிக்கட்டில் எட்டு வீடுகள். கீழே வலது பக்கம் சஃபர்முரோத். கூலாப் பக்கத்து ஆள், நகராட்சியில் குழாய் ரிப்பேர் வேலை. மூன்றாம் மாடியில் ஷோநசர், பாமிர் மலைக்காரன், டிராலிபஸ் ஓட்டுகிறவன். அவனுக்கு எதிர்வீடு என்னுடையது. நான் வடக்கே குஜந்தில் பிறந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் நானும் என் மகளும் மட்டும். தலைநகர் துஷான்பேயில் ஒரே படிக்கட்டில் நாலு ஊர்க்காரர்கள் குடியிருப்பது யார் கண்ணிலும் பட்டதில்லை, அந்த வருஷம் வரைக்கும்.

ஷோநசரும் சஃபர்முரோதும் கூட்டாளிகள். லீவு நாளில் முற்றத்து மரத்தடியில் தாயக்கட்டை உருட்டிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுப்பார்கள்.

"உங்க ஊர்ல பேசினா பாதி வார்த்தை தொண்டையிலயே தங்கிடுது. மீதியையாவது துப்புடா" என்பான் ஷோநசர்.

"உங்க மலை பாஷை ஆட்டுக்கே புரியாது. நீ என்னைச் சொல்ல வந்துட்ட. கட்டையை உருட்டு."

அந்த வருஷம் வசந்தத்தில் ஆட்சியை எதிர்த்தும் ஆதரித்தும் சதுக்கத்தில் கூட்டம் போட்டு உட்கார்ந்தவர்கள், கோடையில் ஆளுக்கொரு துப்பாக்கியோடு திரிந்தார்கள். போலீஸ்காரர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் இருந்துகொண்டார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் மூன்று பேர் பக்கத்துப் படிக்கட்டுக்குள் புகுந்தார்கள். டிவி, கம்பளம், ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த துணி எல்லாவற்றையும் இறக்கி, அந்த வீட்டுக்காரரின் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். சாவி தர மறுத்த அவரைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள். பல்லைத் தைத்து ஒட்ட முடியாது. உதட்டை மட்டும் நான் தைத்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் எல்லோரும் கூடினோம்.

"எத்தனை ஜன்னல் இந்த முற்றத்தைப் பாத்து இருக்கு? எல்லாத் திரைக்குப் பின்னாடியும் ஆள் நின்னுச்சு" என்றான் ஷோநசர். "நானும்தான் நின்னேன். ரொம்ப நல்லா வேடிக்கை பாத்தேன்."

"என்ன செய்யச் சொல்ற? வெறுங்கையோட போய் நிக்கறதா?" என்று கேட்டார் ஹிக்மத்துல்லா. இரண்டாம் மாடிக்காரர், கர்ம் பக்கத்தவர், பள்ளிக்கூட வாத்தியார்.

"வெறுங்கை எதுக்கு வாத்தியாரே? ரயில் பாதைக்குப் பின்னாடி சந்தையில தக்காளி விக்கிற மாதிரி துப்பாக்கி விக்கிறான். ஒண்ணு வாங்குவோம். எல்லாருக்குமா சேத்து ஒண்ணே ஒண்ணு" என்றான் ஷோநசர்.

வாங்கினோம். நான் என் கல்யாணக் கம்பளத்தைக் கொடுத்தேன். ஷோநசரின் பெண்டாட்டி குல்சிஃபத் தையல் மிஷினைக் கொடுத்தாள். கொடுக்கும்போது மிஷினின் மேல்மூடியைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். படையை விட்டு ஓடிவந்த ஒரு சிப்பாய் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு கலாஷ்னிகோவைத் தந்தானாம். சஃபர்முரோதும் ஷோநசரும் அதை மெத்தைக்குள் சுருட்டி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

யார் வீட்டில் வைப்பது என்பதில் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. எங்களில் பட்டாளத்தில் இருந்தவன் சஃபர்முரோத் ஒருவன்தான். ஆப்கன் போரில் லாரி ஓட்டியவன். வாசல் கதவுக்குப் பக்கத்து வீடும் அவனுடையது. அவன் பெண்டாட்டி ஓய்ஜமால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எம் பிள்ளைங்க படுக்கிற எடத்துல இதை வைக்கணுமா?"

"பிள்ளைங்களுக்காகத்தான் வாங்கினதே" என்றான் ஷோநசர்.

"அப்ப உன் வீட்ல வை அண்ணே. உனக்கும் மூணு இருக்குல்ல?"

"எனக்கு இதோட எந்தப் பக்கம் வெடிக்கும்னே தெரியாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். ஓய்ஜமாலும் சிரித்துவிட்டாள். துப்பாக்கி குளியலறைக் குழாய்களுக்குப் பின்னால் போயிற்று.

ஒரு தடவை அது எங்களைக் காப்பாற்றவும் செய்தது. நவம்பரில், வெளிச்சம் மங்கும் நேரம், நாலைந்து பேர் வந்து வாசல் கதவைக் கடப்பாரையால் நெம்பினார்கள். சஃபர்முரோத் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சடசடவென்று சுட்டான். அவர்கள் கடப்பாரையைக் கூட எடுக்காமல் ஓடினார்கள். மறுநாள் இருந்த அரிசியையெல்லாம் ஒன்றாகப் போட்டு முற்றத்தில் பெரிய சட்டியில் ஓஷ் புலாவ் சமைத்தோம். கறி இல்லை, கேரட்டும் வெங்காயமும்தான். சஃபர்முரோதுக்கு முதல் தட்டு. பக்கத்துப் படிக்கட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் பொறாமை தெரிந்தது. அந்தச் சில வாரம் நாங்கள் பயமில்லாமல் தூங்கினோம். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் எல்லாம் தலைகீழானது. தெற்கே வென்ற கூலாப்காரர்களின் படை நகரத்துக்குள் வந்தது. வந்தவர்கள் திருடவும் செய்தார்கள், ஆனால் முதலில் கேட்டது பாஸ்போர்ட்டை. பிறந்த ஊர் எது என்று பார்த்தார்கள். எதிர்ப் பக்கம் நின்ற கர்ம் என்றோ பாமிர் என்றோ இருந்தால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள், ரொட்டி வரிசையில் இருந்து இழுத்தார்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் பேசச் சொல்லிக் கேட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இடம் போதாமல் வராந்தாவில் கிடத்தினோம்.

ஹிக்மத்துல்லா வாத்தியார் குடும்பத்தோடு ஒரு விடியற்காலையில் எல்லைப் பக்கம் கிளம்பிவிட்டார். ஷோநசருக்குப் போக வழியில்லை. மலைப் பாதை பனியில் மூடிக்கிடந்தது, விமானமும் பறக்கவில்லை. டிராலிபஸ் நின்று ரொம்ப நாளாயிற்று. வீட்டை விட்டு வெளியே வராமல், அடுப்புக்கு நாற்காலிகளை உடைத்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அவன் படியிறங்கி சஃபர்முரோத் வீட்டுக்குப் போனபோது நானும் ஓய்ஜமாலுக்கு மருந்து கொடுக்க அங்கே இருந்தேன்.

"துப்பாக்கியை எங்கிட்ட குடுடா" என்றான்.

சஃபர்முரோத் தேநீர் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினான். "எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்கிற? அவங்க உன்னைத் தேடி வரல. என்னைத் தேடித்தான் வர்றாங்க."

"சரி, வர்றாங்க. நீ எத்தனை பேரச் சுடுவ? உனக்கு சுடவே தெரியாது."

"கத்துக்குடு."

"அண்ணே, கேளு. உன் வீட்ல துப்பாக்கி இருக்கிறதப் பாத்தா உன்னை மட்டும் கொண்டுபோக மாட்டாங்க. குல்சிஃபத் அண்ணியையும் பிள்ளைங்களையும் அங்கயே முடிச்சிடுவாங்க. எங்கிட்ட இருந்தா அது வேற. நான் அவங்க ஊர்க்காரன். வாசல்ல நின்னு நாலு வார்த்தை பேசுவேன். 'இது நம்ம வீடு, போங்கப்பா'ன்னு சொல்லுவேன், போயிடுவாங்க. கையில ஒண்ணு இருந்தாத்தான் அவங்க பேச்சையே காதுல வாங்குறாங்க."

ஷோநசர் தேநீரைத் தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்ற முவத்தர்?" என்றான்.

சஃபர்முரோத் சொல்வதுதான் எனக்கும் சரியென்று பட்டது. அப்படியே சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

ஷோநசர் தேநீரைக் குடித்தான். "தொண்டையில தங்காம பேசு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனான்.

அவர்கள் ஒரு காலைப்பொழுதில் வந்தார்கள். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், வாசலில் லாரி நிற்கிறது. நான்கு பேர். என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "குஜந்தா? சரி, அந்தச் சுவரோரமா நில்லு" என்றான் ஒருவன். திறந்திருந்த கதவுக்கு உள்ளே படிக்கட்டின் அடியில் சஃபர்முரோத் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எதிரே தோல் தொப்பி போட்ட ஆள், அவர்களின் தலைவன். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிராமம், யாருடைய மகன் என்று விசாரணை நடந்தது. சஃபர்முரோதின் சித்தப்பாவை அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது.

"மேல யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? கிழவிங்க. ரஷ்யாக்காரங்க காலி பண்ணிட்டுப் போன வீடு ரெண்டு. நான்தான் பாத்துக்கிறேன்."

"நல்லது" என்றான் தோல் தொப்பி. அவன் திரும்பியும் விட்டான். எனக்கு மூச்சு வந்தது. வாசல் வரை போனவன் நின்றான்.

"ஆமா, நீ பட்டாளத்துல இருந்தவன், கையில துப்பாக்கியும் இருக்கு. இங்க கிழவிங்களுக்குக் காவல் காத்துட்டு என்ன பண்ற? ஏறு வண்டியில. எங்களுக்கு டிரைவர் இல்ல."

"அண்ணே, எனக்குச் சின்னப் பிள்ளைங்க."

"எல்லாருக்கும்தான் பிள்ளைங்க இருக்கு."

"நாளைக்கு வர்றேன் அண்ணே."

"துப்பாக்கி ஏது? யார் படையோடது? யாருக்காக வெச்சிருந்த?" அவன் குரல் மாறிவிட்டது. இரண்டு பேர் சஃபர்முரோதின் தோளைப் பிடித்தார்கள். உள்ளேயிருந்து ஓய்ஜமால் கதவைத் திறந்து அலறினாள்.

அந்த அலறல் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. ஷோநசர் என்ன நினைத்தானோ. நாற்காலி உடைக்கிற கோடாலியோடு தடதடவென்று இறங்கி வந்தான். நான் சுவரோரம் நின்று வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"விடுங்க அவனை. அவன் உங்க ஊர்க்காரன்தாய்யா" என்றான்.

அந்த மலைக்காரப் பேச்சே போதுமாக இருந்தது. தோல் தொப்பி பாஸ்போர்ட் கேட்கவில்லை. சஃபர்முரோதைத்தான் பார்த்தான்.

"கிழவிங்கன்னு சொன்ன."

ஷோநசர் கோடாலியைப் படியில் வைத்தான். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான்.

"உன் துப்பாக்கி உன் கையிலதான் இருக்கு. நான் புடுங்கல" என்றான் தோல் தொப்பி. "நீயே இவனைக் கூட்டிட்டுப் போய் வண்டியில ஏத்து. அப்பதான் நீ யாருன்னு எனக்குத் தெரியும். இல்லன்னா மேல போய் மிச்சக் கிழவிங்களையும் பாத்துட்டு வர்றோம்."

மேலே குல்சிஃபத்தும் மூன்று பிள்ளைகளும். கீழே ஓய்ஜமாலும் அவள் பிள்ளைகளும். சஃபர்முரோத் துப்பாக்கியைத் தூக்கினான். அது யார் பக்கம் திரும்பும் என்று ஒரு நொடி அங்கே யாருக்கும் தெரியாது, அவனுக்குமே தெரிந்திருக்காது. பிறகு ஷோநசரின் முதுகுப் பக்கம் வந்து நின்றான்.

வாசலில் மூன்று படிகள். பனி உறைந்திருந்தது. முதல் படியில் கால் வைக்கும் முன் ஷோநசர் திரும்பாமலே சொன்னான்.

"டேய், விரலை எடு. வழுக்கிச்சுன்னா வெடிச்சிடும்."

சஃபர்முரோத் விரலை எடுத்தான். இரண்டு பேரும் இறங்கினார்கள். ஒருவனை ஏற்றினார்கள், இன்னொருவனும் ஏறினான். லாரி போய்விட்டது.

சில நாள் கழித்து சஃபர்முரோத் திரும்பினான், கையில் அவர்கள் படையின் பட்டை கட்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் தங்களைப் பிரித்துவிட்டதாகவும், மறுநாள் போய்ப் பார்த்தபோது ஷோநசரை அடைத்த அறையைக் கழுவி விட்டிருந்ததாகவும் சொன்னான். இதை என்னிடம்தான் சொன்னான். குல்சிஃபத்திடம் தெரியாது என்று மட்டும் சொன்னான். அவளும் நானும் நகரத்தில் இருந்த எல்லாப் பிணவறைகளுக்கும் போனோம். நான் துணியை விலக்குவேன், அவள் காலை மட்டும் பார்ப்பாள். ஷோநசரின் இடது கால் பெருவிரலில் நகம் கிடையாது. எங்கேயும் அந்தக் காலைக் காணவில்லை.

சஃபர்முரோத் அவள் வாசலில் ஒரு மாவு மூட்டையை வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைத் தாண்டிப் போனோம். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று அவளே அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

துப்பாக்கியை அவர்களிடமே கொடுத்துவிட்டு விலகிவிட சஃபர்முரோத் பார்த்தான். அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். "அது இருக்கிறதாலதான் நீ இருக்கே" என்றானாம் தோல் தொப்பி. அதற்குப் பிறகு சஃபர்முரோத் அவனுக்கே லாரி ஓட்டினான். யாரை ஏற்றினான் என்று யாரும் கேட்கவில்லை.

குளிர் குறையத் தொடங்கிய ஒருநாள் அவன் முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அந்தச் சனியனை வாங்காம இருந்திருந்தா அவன் இருந்திருப்பான்" என்றான். "நான் வெறுங்கையோட நின்னிருந்தா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க."

அவனுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"பக்கத்துப் படிக்கட்டுல யார்கிட்டயும் துப்பாக்கி இல்ல" என்றேன். "அங்கயும் ரெண்டு பேரக் கொண்டு போனாங்க."

"அப்ப ஷோநசர் கேட்டப்ப குடுத்திருக்கணுமா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் எழுந்து போனான்.

மலைப் பாதை திறந்ததும் குல்சிஃபத் பிள்ளைகளோடு நிவாரண லாரி ஒன்றில் ஊருக்குப் போனாள். கீழ்வீட்டைத் தாண்டும்போது ஓய்ஜமால் கதவைத் திறந்து ரொட்டியை நீட்டினாள். குல்சிஃபத் வாங்கிக்கொண்டாள். "உடம்பைப் பாத்துக்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் ஓய்ஜமாலால் தாங்க முடியவில்லை, ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றாள்.

அந்தக் கோடையில் சஃபர்முரோதின் படையைக் கர்ம் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் அவன் ஓட்டிய லாரியை மேலிருந்து சுட்டுத் தள்ளினார்கள். உடலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓய்ஜமால் கூலாபுக்குப் போய்விட்டாள். ஷோநசர் வீட்டில் தோல் தொப்பியின் மச்சான் குடியேறினான். நல்ல மாதிரித்தான் பழகுகிறான், வாரத்துக்கு ஒருதடவை என் மகளுக்கு மிட்டாய் கொடுக்கிறான். அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கி ஒன்றைச் சாத்தி வைத்திருக்கிறான். காலம் கெட்டுக் கிடக்கிறது, வீட்டில் இருந்தால் ஒரு பாதுகாப்பு என்கிறான்.